சாமைச் சோறும் சப்பானும்

கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், நம்மிடம் பயின்று சென்ற மாணவன் ஒருவன் நம்மை நிறுத்தி ஒரு வினாக் கேட்டான். இளங்கலைத் தமிழ் முடித்தவன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள சிற்றூரினன். அரசேடுகள் 'மலையாளி' என்று குறிக்கும் பழங்குடியைச் சேர்ந்தவன். (பெயர் கண்டு கேரளத்தார் என மயங்கற்க, மலைவாழ் தமிழ்க் குடியினர் அவர்கள்.) பட்டம் பெற்றபின் சென்னையில் தங்கி, முதியோர் பராமரிப்புப் பயிற்சியோடு சப்பானிய மொழியும் கற்று, தேர்வுகளிலும் தேறியிருந்தான். புறப்பட இன்னும் மூன்று மாதம்.

"ஐயா, அங்க போயி திருதிருன்னு முழிக்கிறதுக்கு முன்னாடி, இங்கயே எங்கயாச்சும் சப்பானப் பாத்துட்டுப் போவ முடியுமா?"

பொறியியல் படித்தவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரகடத்துத் தொழிற்சாலைகளைக் கைகாட்டியிருப்பார். தமிழாசிரியரிடம் கேட்டது அவன் பிழை. நாமும் சப்பானைக் கண்டதில்லை. நாமறிந்தது நூல்வழிச் சப்பான். பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் சப்பானியக் கவிதை பற்றி எழுதிய கட்டுரையில் அது தொடங்குகிறது. அப்துல் ரகுமானின் 'பால்வீதி' (1974) வழியே வந்து, 1984-இல் அமுதபாரதியும் அறிவுமதியும் தனித்தனி நூலாகவே வெளியிட்ட ஐக்கூவில் தழைக்கிறது. இன்றோ ஒவ்வொரு கல்லூரி மலரிலும், ஒரு வாக்கியத்தை மூன்றாக முறித்துப் போட்டால் ஐக்கூ என்ற அளவில் வந்து நிற்கிறது. பருவம் சுட்டும் சொல் ஒன்று அதில் இருத்தல் வேண்டும் என்பதை மாணவர்க்குச் சொன்னால், "புதுக்கவிதையிலும் இலக்கணமா?" என்று நம்மையே பழமைவாதி ஆக்கிவிடுகின்றனர். அது நிற்க.

'சரி, பார்ப்போம்' என்று சொல்லிவிட்டோம். சப்பானியப் பண்பாட்டில் நாட்டமுள்ள ஒருவர், கடல் கடக்காமல், நம் பகுதியிலிருந்து புறப்பட்டு எவற்றைக் காணலாம், எதை உண்ணலாம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். அத்தாளில் முதலில் இருந்தது சென்னை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகும். அந்நேரம் முழுதும் அவனே நமக்கு ஆசிரியனாயினான். சப்பானிய அகரவரிசையை ஒப்பித்துக் காட்டினான். ஆ, இ, உ, எ, ஒ என உயிர் ஐந்து. பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் வரிசை. நெடுங்கணக்கின் நிழல் அதில் தெரிவது தற்செயல் அன்று. பௌத்தத்தோடு சென்ற இந்திய எழுத்தொலி மரபைப் பயின்ற துறவியர் வழியே அவ்வரிசை அமைந்தது என்பது மொழியறிஞர் ஒப்பும் செய்தி.

அதனினும் வியப்பூட்டியது வேறொன்று. அருகிலிருப்பது 'கொரே'. தொலைவிலிருப்பது 'அரே'. இவ்விரண்டுக்கும் இடையே, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட 'சொரே' என்று மூன்றாவது சொல் ஒன்று உண்டாம். உடன் படித்தவர் பலரும் அதில் தடுமாறினர் என்றான். "எனக்கு மட்டும் ஒடனே புரிஞ்சிதுங்கய்யா. நீங்க நடத்துன உகரச் சுட்டுதான?"

அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் நடத்தும்போது, உகரச் சுட்டு வழக்கொழிந்தது, யாழ்ப்பாணத்தார் பேச்சில் மட்டும் 'உது, உவன்' என உயிர்வாழ்கிறது என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். இருபது ஆண்டுகளாக நாம் நடத்திய அந்த ஒற்றை வரி ஒருவனுக்கு எங்கோ பயன்பட்டது என்று அன்றுதான் அறிந்தோம். மற்றவர்கள் சப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, பின் தலைகீழாகத் திருப்புகிறார்கள் என்றும், தான் நேரே தமிழிலிருந்து போய்விடுவதாகவும் சொன்னான். எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் நிற்கும்; வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலம் என்னும் சுற்றுவழி எதற்கு?

இவ்விடத்தில் சுசுமு ஓனோவைப் (1919–2008) பேசாமல் போவது முறையாகாது. தமிழும் சப்பானியமும் உறவுடையன என்று வாழ்நாளின் பிற்பகுதி முழுதும் வாதிட்ட அறிஞர் அவர். பொற்கோ, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து உழைத்தவர்கள். சொற்களை மட்டுமன்றிச் சடங்குகளையும் அவர் ஒப்பிட்டார். சனவரி 15-இல் சப்பானிய ஊர்ப்புறத்தார் கொண்டாடும் 'சிறு புத்தாண்டு' நம் பொங்கலை ஒத்தது. அன்று செம்பயறு இட்ட கஞ்சி காய்ச்சுகின்றனர் என்றார். நம் மேடைகளில் இது ஏறத்தாழ நிறுவப்பட்ட உண்மை போலவே முழங்கப்படுகிறது. மொழியியலார் பெரும்பாலோர் இவ்வுறவை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உறவு இல்லாவிடினும் ஒப்புமை ஒப்புமைதான். பக்கத்து வீட்டார் நம் குருதியுறவினர் அல்லர் என்பதால் அவர் வீட்டுக் கதவை நாம் தட்டாமல் இருக்கிறோமா?

சென்னையில் முதலில் நெல்சன் மாணிக்கம் சாலையிலுள்ள தோசோகாய் நடுவத்துக்குச் சென்றோம். 'தோசோகாய்' என்றால் முன்னாள் மாணவர் சங்கம். சப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியோர் கூடி அமைத்தது. மொழி வகுப்புகள் அங்கு நடைபெறுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து அந்நாட்டு எழுத்துகளைக் கட்டம் போட்ட ஏட்டில் எழுதிப் பழகும் காட்சி, திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதை நினைவூட்டியது. ஒரு கோடு எங்குத் தொடங்கி எங்கு முடிய வேண்டும் என்பதற்கும் அங்கே விதி உண்டு. மொழியின்மேல் விருப்பமுடையோர் சூலையிலும் திசம்பரிலும் நடைபெறும் திறனறித் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். மலரமைப்புக் கலையாகிய இகெபானாவைப் பயிற்றுவோரும் நகரில் உளர். நாள் ஒன்று மட்டும் கையிலிருந்ததால் அதை நாம் காணவில்லை.

பின்னர் உணவு. சப்பானிய நிறுவனங்கள் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் பெருகிய பின், அந்நாட்டு அலுவலரை நம்பிச் சில உணவகங்கள் தோன்றின; இன்று உண்போரில் நம்மவரும் நிறையவே காணப்படுகின்றனர். நாம் சென்ற உணவகத்தின் பெயர் வேண்டா; காரணம் சற்றே பின்னர்.

வாயிலில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அதுவரை மிரண்டிருந்த மாணவன் முகம் அங்கேயே தெளிந்தது. முதலில் வந்தது ஒரு கிண்ணம் நிறைய, தோலோடு அவித்து உப்பிட்ட பச்சைச் சோயா அவரை. 'எதமாமே' என்று பெயர். அவன் ஒன்றை எடுத்து, பல்லிடை வைத்து, தோலை உருவிப் போட்டான். பின் சிரித்தான். "ஐயா, இது எங்க ஊரு தொவரங்காயி." மார்கழி, தை மாதங்களில் மலைக்காட்டில் பச்சைத் துவரையைக் காயோடு அவித்துத் தின்பார்கள். அதே தின்முறை, அதே உப்பு, அதே தோல்குவியல். விலையை மட்டும் அவனிடம் நாம் சொல்லவில்லை.

அடுத்து மீசோ சாறு. சோயாவைப் புளிக்கவைத்த விழுதைக் கரைத்தது. நாம் புலால் உண்ணாதவர், கேட்டோம். பரிமாறியவர் முழுமனத்தோடு "சுத்த சைவம்" என்றார். குடித்து முடித்தபின் மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அச்சாற்றுக்கு அடிப்படை 'தாசி' என்னும் கொதிநீராம். (சொல்லைக் கேட்டு நகையற்க.) பெரும்பாலும் அது உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவி இறக்குவது. வகுப்பில் படித்திருக்கிறான், ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று வாளாவிருந்துவிட்டான். நம் கடற்கரையோரத்தாரும் ஈழத்தாரும் அறிந்த மாசிக் கருவாடுதான் அது. இங்கு மாசி, அங்கு தாசி. மரக்கறி உண்ணும் பயணியர் 'மீன் துண்டு இருக்கிறதா?' என்று கேட்டால் போதாது, 'சாற்றின் அடி எதனால் ஆனது?' என்று கேட்க வேண்டும் என்பது நாம் விலை கொடுத்துக் கற்ற பாடம். கடற்பாசியாலும் காளானாலும் ஆன தாசியும் உண்டு.

பக்கத்து மேசையில் இருந்த இளைஞர் இருவர், இவன் குச்சி பிடிக்கும் நேர்த்தியைக் கண்டு பேச்சுக் கொடுத்தனர். எந்த ஊர் என்று கேட்டனர்.

"சேலம்" என்றான்.

நாம் அவனைப் பார்த்தோம். அவன் குச்சிகளைப் பார்த்தான்.

வெளியே வந்தபின் அவனே சொன்னான். "கள்ளக்குறிச்சின்னா 'சாராயமா?'ன்னு கேக்குறாங்கய்யா. கல்வராயன்னா கேக்கவே வேணாம், 'காய்ச்சுற ஊரா?'ன்னு சிரிக்கிறாங்க. வகுப்புல மொத நாளு சொல்லிப்புட்டு ரெண்டு மாசம் பட்டேன். அப்பறம் சேலம்னே வச்சிக்கிட்டேன்."

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சில திங்கள் நம் ஊர்ப் பெயர் நாடெங்கும் ஒரு வசைச்சொல்லாகவே திரிந்தது. மலையில் சாராயம் காய்ச்சுவோர் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மெத்தனால் மலையில் விளைவதன்று. மலையில் விளைவன சாமையும் கேழ்வரகும் கடுக்காயும் புளியும் தேனும் மரவள்ளியும். இதை அன்று அவனிடம் சொல்லி ஆவது ஒன்றுமில்லை, அவன் அறியாததா?

அவ்வுணவகத்தின் மாடத்தில் சிவப்பு நிறத்தில் கைகாலற்ற உருண்டைப் பொம்மை ஒன்று இருந்தது. ஒரு கண் மட்டும் தீட்டப்பட்டு, மறு கண் வெறுமையாய். 'தருமா' என்பர். ஒன்றை வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணைத் தீட்டி, நிறைவேறியபின் மறு கண்ணைத் தீட்டுவது வழக்கம். தள்ளினாலும் எழுந்து நிற்கும் அப்பொம்மை போதிதருமரின் உருவம். சீனப் பழநூல் அவரைத் தென்னிந்திய அரசன் மகன் என்கிறது; காஞ்சியார் என்பது பின்வந்த மரபு. காஞ்சிக்குச் சென்று அவரைத் தேடும் சப்பானியர் உண்டு. தேடியவர்க்குக் கிடைப்பது கோயில்களும் பட்டும்தான், எனினும் அவர்கள் வருந்தித் திரும்பியதாகத் தெரியவில்லை. தெற்கே செல்லும் பயணியர்க்கு இன்னொரு குறிப்பு: சங்கரன்கோவிலுக்கு அருகே வீரிருப்பில், சப்பானியப் புத்தத் துறவியர் எழுப்பிய வெண்ணிற அமைதித் தூபி 2020-இல் திறக்கப்பட்டது.

தருமாவைக் காட்டி, "இவரு எங்க ஊரு ஆளுங்கய்யா" என்றான் மாணவன். வேடிக்கைக்குச் சொன்னதன்று. கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை மக்கள் பலரும் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்றே கதை சொல்வர். அண்ணன் தம்பி மூவர் பிரிந்து மூன்று மலைக்குச் சென்றனர் என்பது அக்கதையின் சுருக்கம். போதிதருமரைக் காஞ்சியோடு சேர்க்கும் கதைக்குச் சான்று எவ்வளவோ, அவ்வளவே இதற்கும். ஆயினும் முன்னதை எல்லாரும் அறிவர்; திரைப்படமே எடுத்தாயிற்று.

உணவுப் பட்டியலில் 'கரே ரைசு' என்று ஒன்றிருந்தது. கறிச் சோறு. ஆங்கிலேயர் வழி சப்பான் புகுந்து, இன்று அவர்கள் வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. இந்திய விடுதலை வீரர் ராசு பிகாரி போசு, தோக்கியோவில் தம் மாமனார் நடத்திய நாகமுராயா கடையில் 1927-இல் இந்தியக் கறியை அறிமுகம் செய்தது தனிக் கதை. ஆனால் கறி என்ற சொல்லின் ஊர் எது என்று தேடிச் சோழர் காலக் கல்வெட்டுக்கே வந்தவர் ஒருவர் உண்டு. அவர் காலடி பட்ட இடம் என்று திருக்கோவலூரைக் காட்ட எண்ணினோம். திரும்பும் வழியில் விழுப்புரத்தில் இறங்கி அங்குச் சென்றோம்.

நொபொரு கராசிமா (1933–2015) 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராய் வந்தார். தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கக் கற்றார். படித்தார் என்பதைவிட எண்ணினார் என்பது பொருந்தும். எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் உடன் உழைக்க, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர் அனைத்தையும் கணினியில் அடுக்கி, 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். யார் நிலம் விற்றார், யார் வாங்கினார், எந்தப் பட்டம் எந்த நூற்றாண்டில் பெருகியது என்று அப்பெயர்களைக் கொண்டே சொல்ல முடிந்தது. அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை நாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அவர் அதன் கீழேயுள்ள நிலக்கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத் தலைவராய் 1995-இல் தஞ்சையில் எட்டாம் மாநாட்டை நடத்தினார். 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மனைவியாருடன் சேர்ந்து கறி பற்றி ஒரு நூல் எழுதியதும், 'ஓய்சின்போ' என்னும் புகழ்பெற்ற உணவுப் படக்கதையில் தாமாகவே ஒரு பாத்திரமாய் வந்ததும் அவருடைய இன்னொரு முகம். புளிங்கறி, பொரிக்கறி என்று கோயில் அமுதுபடிக் கல்வெட்டில் கண்ட ஒருவரன்றோ.

திருக்கோவலூர் உலகளந்த பெருமாளைக் கண்டுவிட்டுக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். சுவரெங்கும் எழுத்து. மாணவனை ஒரு வரியின்முன் நிறுத்தி, புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும், பார் என்றோம். அரைமணி நேரம் நின்றான். 'நாடு' என்ற சொல் முதலில் பிடிபட்டது. பின்னர் ஓர் எண். பின்னர் ஓர் ஆளின் பெயர்பாதி. "கண்ணாடி மாட்டுன மாரி தெரியுதுங்கய்யா" என்றான். தோக்கியோவிலிருந்து வந்த ஒருவர், இம்மாதிரிச் சுவர்களின்முன் வெயிலில் நின்று இப்படித்தான் எழுத்துக் கூட்டியிருப்பார் என்றோம். சப்பான் பார்க்க வேண்டும் என்றாயே, இதுவும் சப்பான்தான் என்று சொல்ல நினைத்தோம். மேடைப் பேச்சுப் போலத் தோன்றியதால் சொல்லவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுவரைத் துலக்கி எழுத்தையே தேய்த்துவிட்ட கோயில்கள் தமிழகத்தில் பல. அவற்றை நினைக்கும்போது மட்டும் நாணம் மேலிடுகிறது.

கராசிமாவின் ஆய்வில் இரண்டு செய்திகளை மரநிழலில் அமர்ந்து அவனுக்குச் சொன்னோம். ஒன்று, 1429-ஐ ஒட்டி விருத்தாசலம், கொறுக்கை முதலிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் பகை மறந்து கூடி, அளவிறந்த வரி கேட்கும் அதிகாரிகளுக்கும் காணியாளருக்கும் துணைபோகோம் என்று கல்லில் எழுதி வைத்தனர். மற்றொன்று அவன் காதுக்கே உரியது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நடுநாட்டிலும் அதன் சுற்றிலும், மலையிலும் காட்டிலும் வாழ்ந்த குடிகள் படைவீரராய் இறங்கி, நிலம் பெற்று, புதிய சாதிகளாய் எழுந்து, சோழப் பேரரசின் பிற்காலச் சமூகத்தையே மாற்றினர் என்பது அவர் முடிவு. தமிழக வரலாற்றை ஆற்றங்கரையிலிருந்து மட்டும் எழுதிவந்த நம்மை, மலைப்பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர்களுள் அவர் ஒருவர்.

"மலையாளுங்க பேரு கல்லுல இருக்குதா?" என்று கேட்டான். மலையமான், மலையமக்கள் என்றெல்லாம் வருகின்றன. அவர்கள் உன் நேர் முன்னோர் என்று சொல்லச் சான்றில்லை என்றோம். உண்மையைச் சொல்லும்போது சற்றுக் கசந்தது. "பரவால்லைங்கய்யா" என்றான்.

அவன் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, "நீங்களும் ஒரு வாட்டி எங்க வீட்டுக்கு வாங்க" என்று அழைத்தான். நம் தாளில் அந்த ஊர் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் சாலை. வழியில் பெரியார் அருவியில் நீர் சிறுத்திருந்தது. கரியாலூரில் படகுக் குழாம். சுற்றுலா வருவோர் பலரும் அங்கே படகேறி, மேகம் அருவியைப் படமெடுத்து, மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். மலையில் மக்கள் இருக்கின்றனர் என்பது அவர்கள் பார்வையில் படுவதில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றுந்து. அதற்கும் அப்பால் நடை.

வீடு இப்போது காரை வீடு. முன்பிருந்த புல்வேய்ந்த வீட்டின் மண்திண்ணையை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தனர்; பாட்டி அங்கேதான் படுப்பாராம். சப்பானில் சிரகவாகோ என்றொரு மலையூர். செங்குத்தான புற்கூரை வீடுகள். 1995-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. கூரை மாற்றும் நாளில் ஊரே திரண்டு வந்து வேயும். அக்கூட்டுழைப்புக்கு 'யூய்' என்று பெயர். அதைக் காண ஆண்டுதோறும் பல இலக்கம் பேர் செல்கின்றனர். "நம்மூருலயும் கூரை மாத்துனா எல்லாரும் வருவாங்க. கூலி கெடயாது, சோறுதான்" என்றார் அவன் தந்தை. எவரும் காண வரவில்லை, கூரையும் போயிற்று.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பண்ணைக்கீரை. சாமை சூடாக இருக்கும்போதே உண்ண வேண்டும், ஆறினால் விறைக்கும். நெல்லரிசிக்கு இல்லாத ஒரு மணம், நனைந்த வைக்கோல் போல. மலையாளிகள் சாமை தின்பவர்கள் என்று கீழ்நாட்டார் இகழ்ந்த காலம் உண்டு. இன்று அதையே நகரத்தில் 'சிறுதானியம்' என்று பொதிகட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கின்றனர். மாணவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கயும் மலைக்காரங்க தினையும் குதிரைவாலியும்தான் தின்னாங்களாம், நெல்லு அவங்களுக்குக் கெடைக்காதாம். புத்தகத்துல இருந்துச்சு" என்றான். உண்மைதான். 'ஆவா' என்பது தினை; 'கீபி' பனிவரகு; 'ஹியே' நம் குதிரைவாலிக்கு உடன்பிறப்பு. பீச்சுப் பழத்திலிருந்து பிறந்த மோமோதாரோ என்னும் கதைச் சிறுவன், நாய்க்கும் குரங்குக்கும் காட்டுக்கோழிக்கும் கொடுத்து நட்பாக்கிக்கொண்டது பனிவரகு உருண்டையைத்தான். நம் முருகனுக்குத் தேனும் தினைமாவும் போல. சாமை மட்டும் அந்நாட்டுப் பயிர் அன்று.

அவன் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் சார், அந்த ஊருல கெழவன் கெழவிங்களப் பாத்துக்க ஆளே இல்லியா?"

சப்பானில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 அகவை கடந்தவர்கள். மலையூர்கள் பல ஆளின்றி வெறிச்சோடிக் கிடக்கின்றன. அதனால்தான் 2021-இல் இந்தியாவோடு உடன்பாடு செய்து ஆள் எடுக்கின்றனர். இவையெல்லாம் நமக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டது அந்தக் கணக்கை அன்று என்பது தெரிந்ததால்.

மாணவன் எழுந்து திண்ணைக்குச் சென்றான். பாட்டியை உட்கார வைக்க வேண்டும். குனிந்து, முழங்காலை மடித்து, அவர் கைகளைத் தன் கழுத்தில் போடச் செய்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, "இச்சி, நீ, சான்" என்று எண்ணினான். மூன்றாம் எண்ணில் பாட்டி எழுந்து அமர்ந்துவிட்டார். துணிமூட்டை போல, வலியின்றி. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னொருவாட்டி சொல்லுடா" என்றார். மறுபடி படுக்க வைத்து, மறுபடி எண்ணித் தூக்கினான். மூன்றாம் முறை பாட்டியும் சேர்ந்து எண்ணினார். பின்னர் தன் தாயைக் கூப்பிட்டு, எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டிக் கொடுத்தான். அவர் முதலில் மறுத்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார்.

புறப்படும் நாளில் நம் வீட்டுக்கு வந்தான். நாம் கொடுத்தது கள்ளக்குறிச்சிச் சிற்பி ஒருவர் வாகை மரத்தில் செதுக்கிய உள்ளங்கையளவுப் பிள்ளையார். இவ்வூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்கு அப்படியும் ஒரு வழி உண்டு. தோக்கியோவின் அசகுசாவில் பிள்ளையாருக்கு ஒரு கோயில் இருக்கிறது, அங்கே முள்ளங்கி படைப்பார்கள், போய்ப் பார் என்றோம். அவன் பையில் தாய் கட்டிக் கொடுத்த இரண்டு படி சாமை இருந்தது. தானியம் கொண்டுசெல்ல நலச் சான்றிதழ் வேண்டும், இல்லையேல் அங்கே வானூர்தி நிலையத்தில் பறித்துவிடுவர் என்று உடன் செல்வோர் சொன்னார்களாம். பொதியை நம் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, "வீணாப் போவாம நீங்க ஆக்கிச் சாப்பிட்டுடுங்கய்யா" என்றான்.

பொங்கலுக்கு அதைத்தான் பொங்கினோம். சாமை நெல்லரிசியைவிட நீர் குறைவாகக் கேட்கும் என்பதை அறியாமல் குழைத்துவிட்டோம். அதே வாரத்தில் அவன் ஒரு படம் அனுப்பினான். முதியோர் இல்லத்தின் நீண்ட மேசை. கிண்ணத்தில் சிவந்த பயற்றங்கஞ்சி. பக்கத்தில் ஒரு முதிய அம்மையாரின் கை. படத்தின் கீழ் எழுதியிருந்தான்: 'இவங்க எந்த ஊருன்னு கேட்டாங்க. கல்வராயன்னு சொன்னேன். வாயில நுழையல. மூணு தடவ சொல்லச் சொன்னாங்க.'